ஆபீஸ் நண்பர் லிங்கனின் நேரடி வாரிசாம், நம்பலாமா?

கேள்வி · 2023 அக்டோபர் 7, மாலை

கென்டக்கியில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்பவருக்கு அறுபது வயது, குடும்பப் பெயரே லிங்கன். ஆபிரகாம் லிங்கனின் நேரடி வாரிசு என்று அடித்துச் சொல்கிறார். இணையத்தில் யாரோ போட்ட வம்ச வரைபடத்தையும் காட்டினார், அது 1500 வரைக்கும் போகிறது. இவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள், நமக்குத்தான் கொள்ளுத்தாத்தா பெயரே தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். இதை எப்படிச் சரிபார்ப்பது? இங்கே யாராவது இந்த மாதிரி வேலை செய்திருக்கிறீர்களா?

2023 அக்டோபர் 7, இரவு

நேரடி வாரிசு இல்லை. லிங்கனின் நேர் வம்சத்தில் கடைசி ஆள் அவருடைய கொள்ளுப்பேரன் ராபர்ட் பெக்வித். அவர் 1985 டிசம்பர் 24 அன்று பிள்ளை இல்லாமல் இறந்தார், அதோடு அந்தக் கிளை முடிந்தது. இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள், நாளைக்கும் அவரோடு உட்கார்ந்துதானே சாப்பிட வேண்டும். பங்காளி வழியாக இருக்கலாம். லிங்கனுடைய தாத்தா, பாட்டனின் அண்ணன் தம்பிகள் வழியில் நிறையப் பேர் உண்டு.

இன்னொன்று. எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றீர்களே, தன் தாத்தாவின் அப்பா பெயரை உறுதியாகச் சொல்ல லிங்கனாலேயே முடியவில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

2023 அக்டோபர் 8

நான் பென்சில்வேனியாவில் ரெடிங் ஊருக்குப் பக்கத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். லிங்கனின் முன்னோர்கள் இங்கே ஒரு தலைமுறை வாழ்ந்தார்கள் என்று ஒரு பலகையில் பார்த்ததில் ஆரம்பித்த கிறுக்கு இது. அப்பா ஊரில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவர், அந்த ரத்தமாகவும் இருக்கலாம்.

சரி, விஷயம். 1848இல் லிங்கன் காங்கிரஸ் உறுப்பினராக வாஷிங்டனில் இருக்கிறார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹிங்கம் என்ற ஊரிலிருந்து சாலமன் லிங்கன் என்பவர், அந்த ஊர் வரலாற்றை எழுதியவர், நீங்கள் எந்த லிங்கன் என்று கேட்டுக் கடிதம் போடுகிறார். இவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்: தாத்தா பெயரும் ஆபிரகாம், வர்ஜீனியாவில் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) கென்டக்கிக்கு வந்தார், அதற்கு முன்னால் பென்சில்வேனியா, குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதோடு நிற்காமல் ராக்கிங்ஹாமில் டேவிட் லிங்கன் என்று ஒருவர் இருப்பதைக் கேள்விப்பட்டு அவருக்கும் எழுதிக் கேட்கிறார். எங்கள் ரெடிங் இருக்கும் பெர்க்ஸ் கவுண்டி வரைக்கும் பிடித்துவிட்டார்.

பதினொரு வருடம் கழித்து, 1859 டிசம்பரில், ஜெஸ்ஸி ஃபெல் என்ற நண்பருக்குத் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதிக் கொடுக்கிறார். அதில், நியூ இங்கிலாந்தில் (மாசசூசெட்ஸ் இருக்கும் வடகிழக்குப் பகுதி) உள்ள லிங்கன்களோடு எங்களை இணைக்கப் பார்த்தார்கள், ஈனோக், லேவி, மொர்தெகாய், சாலமன், ஆபிரகாம் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பெயர்கள் இருக்கின்றன என்பதைத் தாண்டி எதுவும் தேறவில்லை என்கிறார். எனக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும். சரியான விடை அவர் கையில் இருந்தது! சாலமன் சொன்ன ஹிங்கம் குடும்பம்தான் அவர் குடும்பம். ஆனாலும் பெயர் ஒத்துப்போனது மட்டும் போதாது என்று விட்டுவிட்டார். வக்கீல் அல்லவா. உங்கள் நண்பர் காட்டிய வரைபடம் போட்டவருக்கு அந்தப் பொறுமை இல்லை என்று நினைக்கிறேன்.

2023 அக்டோபர் 8, சற்று நேரம் கழித்து

பெயர் ஒத்துப்போவது ஏன் போதாது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தா பெயரைச் சுமப்பவன். அங்கேயும் அதே வழக்கம்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மொர்தெகாய், ஒரு ஆபிரகாம். அண்ணன் தம்பி நான்கு பேர் ஆளுக்கு ஒரு ஆபிரகாம் பெற்றால் ஒரே காலத்தில், ஒரே வட்டாரத்தில் நான்கு ஆபிரகாம் லிங்கன்கள். மரம் வரைகிறவர் எவன் அகப்பட்டானோ அவனைப் பிடித்து ஒட்டிவிடுவார்.

2023 அக்டோபர் 11

முழு வரிசையையும் சொல்லச் சொன்னார்கள். சுருக்கமாக ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது.

சாமுவேல் லிங்கன், இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் ஹிங்கம். நார்விச்சில் பிரான்சிஸ் லாஸ் என்ற நெசவாளரிடம் வேலைக்காரப் பையன். 1637இல் முதலாளி குடும்பத்தோடு கப்பல் ஏறுகிறார். அப்போது வயது 18. பயணிகள் பட்டியலில் பெயர் லிங்கார்ன் என்று இருக்கிறது. மாசசூசெட்ஸில் இறங்கி, அண்ணன்கள் ஏற்கெனவே போய்க் குடியேறிய ஊருக்குப் போகிறார். அந்த ஊருக்கும் ஹிங்கம் என்றே பெயர் வைத்திருந்தார்கள், பாதி ஊரே அங்கிருந்து வந்ததுதானே. 1690இல் அங்கேயே இறந்தார்.

அவர் மகன் மொர்தெகாய், 1657இல் பிறந்தவர், கொல்லர். இரும்பு உருக்கும் பட்டறையும் வைத்திருந்தார். அவர் மகனும் மொர்தெகாய், 1686. இந்த இரண்டாவது மொர்தெகாய்தான் முக்கியமான ஆள், மாசசூசெட்ஸை விட்டுக் கிளம்பியவர். முதலில் நியூ ஜெர்சியில் மொன்மத் கவுண்டி. அங்கே ஹன்னா சால்டர் என்ற வசதியான வீட்டுப் பெண்ணைக் கட்டினார். பிறகு பென்சில்வேனியா, கவென்ட்ரி என்ற இடத்தில் சாமுவேல் நட் என்பவரோடு கூட்டாக இரும்புப் பட்டறை, 1725இல் பங்கை விற்றார். அப்புறம் எங்கள் பக்கம் வந்து 1733இல் கல் வீடு கட்டினார், அது இன்னும் நிற்கிறது.

லிங்கனுக்குக் கிடைக்காத கண்ணி இந்த நியூ ஜெர்சிதான். ஹிங்கமிலும் தேடினார்கள், பெர்க்ஸிலும் தேடினார்கள், நடுவே ஒரு பத்துப் பன்னிரண்டு வருடம் ஆள் எங்கே இருந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. குடும்பக் கதைகளிலும் அந்தக் காலம் இல்லை. இரும்பு எங்கே கிடைக்கிறதோ அங்கே போயிருக்கிறார், அவ்வளவுதான். ஆளைத் தேடுவதைவிட அவர் தொழிலைத் தேடியிருந்தால் சீக்கிரம் கிடைத்திருப்பார்.

2023 அக்டோபர் 12

ஒரு திருத்தம். சாமுவேலுக்கு 18 என்று எழுதினேன், கப்பல் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஹிங்கம் தேவாலயத்தில் ஞானஸ்நானம் 1622 ஆகஸ்ட் 24. அதன்படி கப்பல் ஏறும்போது 15கூட நிறையவில்லை. வயதைக் கூட்டிச் சொன்னாரா, பிறந்து நாளாகி ஞானஸ்நானம் கொடுத்தார்களா? இரண்டு பதிவில் எது சரி என்று ஒரு பக்கம் சாயாமல் இரண்டையும் எழுதி வைப்பதுதான் வழக்கம். பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிப் போட்ட தலைமுறை நம்முடையது, நாம் இதில் ரொம்பப் பேச முடியாது.

2023 அக்டோபர் 15

நேற்று எக்சிட்டர் பக்கம் போய் வந்தேன். இலை நிறம் மாறும் பருவம், சாலையெல்லாம் கார். குவேக்கர்களின் கல் கட்டடம் 1759இல் கட்டியது, உள்ளே மேடையும் இல்லை, சிலுவையும் இல்லை, பெஞ்சுகள்தான். அங்கிருந்து சில மைலில் டேனியல் பூன் பிறந்த இடம். ஆமாம், கென்டக்கிக்கு வழி வெட்டிய அதே பூன். அவருடைய தாத்தா ஜார்ஜ் பூன் இங்கிலாந்தில் டெவன் பகுதியிலிருந்து 1717இல் பிலடெல்பியா வந்து இறங்கியவர். பூன்களும் லிங்கன்களும் அக்கம்பக்கத்து நிலக்காரர்கள்.

இந்தக் குவேக்கர் சபைகளின் குறிப்பேடு இருக்கிறதே, வம்சம் தேடுகிறவனுக்கு அது தங்கச் சுரங்கம். நல்லது செய்தவனைப் பற்றி ஒரு வரி இருக்காது. தப்புச் செய்தவனைப் பற்றி மாதம் மாதம் எழுதியிருப்பார்கள்: சபைக்கு வெளியே கல்யாணம் செய்தாள், இரண்டு பேர் போய்ப் பேசினோம், வருந்துவதாகச் சொன்னாள். டேனியலின் அப்பா ஸ்கொயர் பூன், ஸ்கொயர் என்பது பட்டம் இல்லை, பெயரே அதுதான், 1742இல் மகளும் 1747இல் மகனும் வெளியே மணந்ததற்காகக் கண்டிக்கப்பட்டார். இரண்டாம் முறை அவர் வருந்த மறுத்துவிட்டார், 1748இல் சபையை விட்டு நீக்கினார்கள். 1750இல் குடும்பத்தோடு தெற்கே வட கரோலைனாவின் யாட்கின் பள்ளத்தாக்குக்குக் கிளம்பிவிட்டார். நம் ஊரில் ஊர்விலக்கு வாங்கிய குடும்பம் வேறு ஊர் போவது போல என்று சொல்லலாம், ஆனால் அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகள் அதிகம், இங்கே நிலம் விலை ஏறிவிட்டது, அங்கே மலிவு.

லிங்கனின் தாத்தா ஆபிரகாம் கட்டியதும் ஒரு பூன் வீட்டுப் பெண்ணைத்தான், ஆன் பூன், டேனியலின் சித்தப்பா மகள். அதற்கும் சபைக் குறிப்பேட்டில் விசாரணை உண்டு.

2023 அக்டோபர் 16

மேலே கடைசிப் பத்தி தவறு. அழிக்காமல் விட்டு வைக்கிறேன், பெயர் பற்றி நானே பெரிதாகப் புத்தி சொன்னேன் அல்லவா, அதற்குத் தண்டனை.

ஆன் பூன் 1760இல் மணந்த ஆபிரகாம் லிங்கன் வேறு ஆள். அந்த இரண்டாவது மொர்தெகாய் 1736 மே மாதம் இறந்தபோது இரண்டாவது மனைவியின் வயிற்றில் இருந்த பிள்ளை, அந்த அக்டோபரில் பிறந்தவர். ஜனாதிபதியின் தாத்தா ஆபிரகாம் 1744இல் பிறந்தவர், மொர்தெகாயின் மூத்த மகன் ஜானுடைய பிள்ளை. ஆக ஆன் பூனின் கணவர் தாத்தாவுக்குச் சித்தப்பா, ஆனால் எட்டு வயதுதான் மூத்தவர். ஒரே ஊர், ஒரே பெயர். தாத்தா கட்டியது பத்ஷீபா ஹெரிங் என்ற வர்ஜீனியாப் பெண்ணை.

நான் மட்டும் இல்லை, அச்சில் வந்த பல இடங்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. இதில் ஒரு ஆறுதல்.

அந்தச் சபைக் குறிப்பு இன்னொன்றையும் உடைக்கிறது. தன் முன்னோர் குவேக்கர்கள் என்று லிங்கன் நம்பினார். ஆன் மீது விசாரணை வந்ததே கணவர் சபையைச் சேர்ந்தவர் இல்லை என்பதால்தான்.

2023 அக்டோபர் 22

என் சொந்த முட்டாள்தனம் ஒன்று. மூன்று வருடம் முன்பு மொர்தெகாயின் உயிலைப் பார்க்க ஒரு நாள் லீவு போட்டு ரெடிங்கில் உள்ள பெர்க்ஸ் கவுண்டி அலுவலகம் போனேன். அட்டவணையைப் புரட்டிப் புரட்டிக் கண் வலித்தது. அங்கே இருந்த அம்மாள் கடைசியில் வந்து என்ன வருடம் என்று கேட்டார். 1736 என்றேன். தேனே, அப்போது இந்தக் கவுண்டியே கிடையாது என்றார். பெர்க்ஸ் உருவானது 1752இல். அதற்கு முன் அந்த நிலம் பிலடெல்பியா கவுண்டியில் இருந்தது, உயில் பிலடெல்பியாவில். ஆள் நகராமலே மாவட்டம் மாறுவதை நாமும் பார்த்திருக்கிறோம், ஆனாலும் அன்றைக்கு அது மண்டையில் ஏறவில்லை. எங்கே போய்த் தேடுவது என்பதற்கு முன், அந்த வருடத்தில் அந்த இடம் எந்தக் கவுண்டி என்று பாருங்கள்.

அடுத்த தடுக்கல், உயிலின் தேதி. 22 பிப்ரவரி 1735/6. சரியாகத் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து 1735 என்று குறித்துக்கொண்டேன். அது சந்தேகம் இல்லை, அன்றைய முறை. 1752 வரைக்கும் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி பழைய கணக்கில் 1735, நம் கணக்கில் 1736, அதனால் இரண்டும். குவேக்கர்கள் இன்னும் மோசம், மாதங்களுக்குப் பெயர் போட மாட்டார்கள், எண்தான். முதல் மாதம் என்றால் 1752க்கு முன் மார்ச், பின் ஜனவரி. வாக்கியமா திருக்கணிதமா என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழகிவிடும்.

அந்த உயில் ஏன் முக்கியம் என்றால், மொர்தெகாய் மூத்த மகன் ஜானுக்கு விட்டது ஜெர்சியில் உள்ள 300 ஏக்கர். 1748இல் ஜான் அந்த நிலத்தை விற்கிறார். பென்சில்வேனியாவில் இருக்கும் ஜான், மொர்தெகாயின் மகன் என்ற உரிமையில் நியூ ஜெர்சி நிலத்தை விற்கிறார் என்றால், மூன்று ஊரையும் ஒரே பத்திரம் தைத்துவிட்டது. லிங்கன் பெயர்களைப் பார்த்துச் சரிப்படாது என்று விட்ட இடத்தில் ஒரு தாய்ப்பத்திரம் காத்துக்கொண்டிருந்தது. அது வெளிச்சத்துக்கு வந்தபோது லிங்கன் உயிரோடு இல்லை.

2023 நவம்பர் 2

இன்று டேனியல் பூன் பிறந்தநாள், 1734. பழைய கணக்கில் அக்டோபர் 22. அவர் கடைசி வரை 22ஐத்தான் கொண்டாடினார் என்கிறார்கள். 1752இல் காலண்டரைச் சரிசெய்யப் 11 நாளைப் பிடுங்கியதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

2023 நவம்பர் 5

ஜானின் கதை. பூன் குடும்பத்தோடு சேர்ந்து தெற்கே போனவர் என்று பல இடங்களில் எழுதியிருக்கும், நானும் வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறேன், தவறு. பூன்கள் போனது 1750, ஜான் போனது 1768. பதினெட்டு வருட இடைவெளி. பாதை ஒன்றுதான்: பிலடெல்பியாவிலிருந்து லான்காஸ்டர், யார்க், பொடோமாக் ஆற்றைத் தாண்டி ஷெனண்டோவா பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் வண்டிப் பாதை. ஜான் நெசவாளர். லின்வில் ஓடை என்ற இடத்தில் 600 ஏக்கர் வாங்கினார். அவருக்கு வர்ஜீனியா ஜான் என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது.

ராக்கிங்ஹாம் கவுண்டிப் பதிவுகளைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1864 ஜூனில், உள்நாட்டுப் போர் நடுவில், பதிவேடுகளைக் காப்பாற்றலாம் என்று வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். வழியில் ஜெனரல் ஹண்டரின் வடக்குப் படை அந்த வண்டிக்குத் தீ வைத்தது. அந்தப் படையின் தலைமைத் தளபதி யார்? ஜனாதிபதி லிங்கன். தன் தாத்தாவின் ஊர்ப் பத்திரங்களைத் தன் படையே கொளுத்தியது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே அன்று இரவு தூங்கவில்லை நான்.

தப்பித்தவையும் உண்டு. ராக்கிங்ஹாம் தனிக் கவுண்டியானது 1778இல்தான். அதற்கு முந்தையவை ஸ்டான்டன் ஊரில், ஆகஸ்டா கவுண்டி அலுவலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நான் ரெடிங்கில் வாங்கிய பாடம் இங்கே உதவியது.

2023 நவம்பர் 12

தாத்தா ஆபிரகாம். ஊர்க்காவல் படையில் கேப்டன். 1780இல் லின்வில் ஓடையில் இருந்த 250 ஏக்கரை 5,000 பவுண்டுக்கு விற்றார். வாயைப் பிளக்காதீர்கள், அது வர்ஜீனியாவின் காகிதப் பணம், போர்க்காலத்தில் மதிப்பே இல்லாமல் போனது. அதே வருடம் கென்டக்கி நிலத்துக்கு 400 ஏக்கருக்கு 160 பவுண்டு கட்டிச் சீட்டு வாங்கினார். கையில் உருகிக்கொண்டிருந்த பணத்தை மண்ணாக மாற்றிவிட்டார், கெட்டிக்காரர். லூயிவில் பக்கம் லாங் ரன் ஓடையில் அளந்து கொடுத்த அளவைப் பதிவில் பெயர் லிங்க்ஹார்ன். லிங்கன் என்ற எழுத்தை மட்டும் வைத்துத் தேடினால் இது கிடைக்காது, ஒலியை வைத்துத் தேடுங்கள்.

1784இல் அந்த நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது பூர்வகுடி வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். மூத்த மகன் மொர்தெகாய் வீட்டுக்குள் ஓடித் துப்பாக்கி எடுத்துச் சுட்டதில், அப்பாவின் உடல் அருகே நின்ற சின்னப் பையன் தாமஸ் பிழைத்தான். தாமஸ்தான் ஜனாதிபதியின் அப்பா. வேறு எந்தக் கதையையும்விட இதுதான் என் மனதில் ஆழமாகப் பதிந்தது என்று 1854இல் ஒரு உறவினருக்கு லிங்கன் எழுதினார்.

2023 நவம்பர் 13

1784 என்றது லிங்கன் எழுதியது. பதிவுகளைப் பார்த்தால் 1786 மே. இரண்டு வருடம்தானே என்று விடலாம். விட முடியவில்லை, ஏனென்று சொல்கிறேன்.

அப்போது கென்டக்கி தனி மாநிலம் இல்லை, வர்ஜீனியாவின் பகுதி. உயில் இல்லாமல் செத்தால் நிலமெல்லாம் மூத்த மகனுக்கு என்பது பழைய ஆங்கிலச் சட்டம். அதை ஒழித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு என்று வர்ஜீனியா 1785இல் சட்டம் போட்டது, ஆனால் நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1 அன்று. ஆபிரகாம் இறந்தது அதற்கு ஏழெட்டு மாதம் முன்னால். நிலம் மூத்தவன் மொர்தெகாய்க்குப் போயிற்று. மகன்களில் கடைசி தாமஸ் அலைந்து திரிந்து கூலி வேலை செய்து வளர்ந்தார், எழுத்தும் படிக்கவில்லை. அடுத்த ஜனவரி வரை அந்த மனிதர் உயிரோடு இருந்திருந்தால் தாமஸுக்கும் பங்கு வந்திருக்கும். மரக்குடிசையில் பிறந்த ஜனாதிபதி என்ற கதை எப்படி ஆகியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த நிலத்துக்கு 400 ஏக்கர் சீட்டு எழுதிக் கொடுத்தது வர்ஜீனியா. 1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டை ஒப்பந்தத்தில் அதை விட்டுக்கொடுத்தவர்கள் இரோக்வாய்கள் என்ற பூர்வகுடியினர். அங்கே வேட்டையாடியவர்கள் ஷானிகள் என்ற வேறு பூர்வகுடியினர், அவர்கள் கையெழுத்துப் போடவில்லை. வில்லங்கம் பார்க்காமல் வாங்கிய நிலம். முன்னோடிக் குடும்பம் என்று பலகையில் எழுதும்போது இந்த வரியைச் சேர்ப்பதில்லை.

2023 நவம்பர் 19

தாமஸ் சோம்பேறி, ஒரு இடத்தில் நிற்க மாட்டார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பத்திரங்களைப் பார்த்த பிறகு மாற்றிக்கொண்டேன்.

1803இல் ஹார்டின் கவுண்டியில் 238 ஏக்கர், 118 பவுண்டு. 1814இல் அதை விற்கும்போது 200 ஏக்கர்தான் அவருடையது என்று ஆகிவிட்டது, அளவு தப்பு. 1808இல் சிங்கிங் ஸ்பிரிங் பண்ணை, 200 டாலர் ரொக்கம், ஜனாதிபதி பிறந்தது அங்கே. அதிலும் பழைய பாக்கி வழக்கு. மூன்றாவது நாப் க்ரீக். பத்தாயிரம் ஏக்கர் எங்களுடையது என்று எங்கோ இருந்த வாரிசுகள் வந்து, அதில் குடியிருந்த பத்துப் பேர் மேல் வழக்குப் போட்டார்கள், தாமஸ் அதில் ஒருவர்.

ஏன் இப்படி? கென்டக்கியில் அரசு முதலில் அளந்து கொடுக்கவில்லை. சீட்டு வைத்திருப்பவன் தானே ஆள் வைத்து அளந்துகொள்ள வேண்டும். எல்லை என்பது வெள்ளை ஓக் மரத்திலிருந்து ஓடை வளைவு வரை, அங்கிருந்து இரண்டு பீச் மரம் வரை. நம் பத்திரத்தில் கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் நிலம் என்று நான்கு எல்லை எழுதுவது போலத்தான், ஆனால் மேற்கே இருக்கிற இன்னாரும் அப்படியே இவன் நிலத்தின் மேல் எழுதியிருப்பான். ஓடு வேய்ந்தது போல ஒன்றன் மேல் ஒன்று. டேனியல் பூனே கென்டக்கியில் நிலமெல்லாம் இழந்து 1799இல் மிசூரிக்குப் போய்விட்டார். வழி வெட்டியவருக்கே அந்தக் கதி.

இன்டியானாவில் மத்திய அரசு முன்பே சதுரம் சதுரமாக அளந்து வைத்திருந்தது. 1816 டிசம்பரில் தாமஸ் அங்கே போனார். ஓரளவு அடிமை முறை காரணம், முக்கியமாக நில உரிமைச் சிக்கல் என்று மகன் பின்னால் எழுதினார். நாப் க்ரீக் வழக்கில் 1818இல் தீர்ப்பு தாமஸ் பக்கமே வந்தது. ஆனால் ஆள் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

2023 நவம்பர் 20

அடிமை முறை பற்றி ஒரு வரியில் தாண்டிவிட்டேன் என்று திட்டியிருக்கிறார்கள், நியாயம். வர்ஜீனியாவிலும் டென்னசியிலும் தங்கிவிட்ட லிங்கன்கள் சிலர் அடிமைகள் வைத்திருந்தார்கள். தாத்தாவின் தம்பி ஐசக் டென்னசியில் அப்படி. தாமஸ் கொஞ்ச காலம் அந்தச் சித்தப்பாவிடம் வேலை பார்த்தவர்.

அங்கே வேலை செய்த கறுப்பின மக்களின் பேரப்பிள்ளைகள் இதே தேடலைச் செய்தால் என்ன ஆகும்? மக்கள்தொகைக் கணக்கில் எல்லாருக்கும் பெயர் எழுதியது 1870இல்தான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளி பெயர், அதன் கீழ் வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயருக்கான இடமே இல்லை. அதற்கு முன்னே போக வேண்டுமானால் முதலாளியின் உயிலிலும் சொத்துப் பட்டியலிலும் மாட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தேட வேண்டும். இவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று முதல் கேள்வியில் இருந்ததே, அந்த இவர்கள் யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

2023 டிசம்பர் 3

அம்மா பக்கம் கேட்டவருக்கு: நான்சி ஹாங்க்ஸ் பற்றி நூறு வருடச் சண்டை. அவருடைய அம்மா லூசி, லூசியின் அம்மா யார் என்பதில் இரண்டு கட்சி. 2015இல் தாய்வழி மரபணுச் சோதனையில் லூசி, ஆன் லீ ஹாங்க்ஸின் மகள் என்ற பக்கம் சாய்ந்தது. நான்சியின் ஒரே மகள் சாரா 1828இல் பிரசவத்தில் இறந்துவிட்டாள், அதனால் உறவுக்காரப் பெண் வழிகளைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தார்கள். எனக்கு இதில் இவ்வளவுதான் தெரியும், மரபணு என் கடை இல்லை.

2024 ஜனவரி 14

கேள்வி கேட்டவர் மூலம் அவருடைய ஆபீஸ் நண்பரோடு போனில் பேசினேன். நல்ல மனிதர். நேரடி வாரிசு இல்லை என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டார்களாம், ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு சிரித்தாராம்.

அந்த வரைபடத்தில் 1500க்குப் போகிற கதையை எல்லாம் வெட்டிவிட்டு, அவருடைய அப்பா, தாத்தா என்று ஒவ்வொரு படியாகக் காகிதத்தோடு பின்னால் போனோம். 1850 வரை சிக்கல் இல்லை, அந்த வருடத்திலிருந்து கணக்கெடுப்பில் வீட்டில் எல்லார் பெயரும் இருக்கிறது. 1820இல் நின்றுவிட்டது. அதில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. 16 வயதுக்குள் ஆண் பிள்ளை மூன்று என்றால் அதில் இவருடைய ஆள் எது? 1790 கணக்கு கென்டக்கிக்குத் தொலைந்தே போய்விட்டது, அதனால் வரிப் பட்டியல்தான் வழி. வரி வாங்குகிறவன் யாரையும் மறக்க மாட்டான், 21 வயது ஆன வருடமே பெயரை ஏற்றிவிடுவான், அதை வைத்துப் பிறந்த வருடத்தையும் பிடிக்கலாம்.

அவர் வீட்டுப் பழைய பைபிளின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். மங்கலான எழுத்து. மேலே ஒரு பெயர், எனக்கு மொர்தெகாய் என்று தெரிகிறது. மனைவி பார்த்துவிட்டு மார்கரெட் என்கிறாள். அடுத்த சனிக்கிழமை வரிப் பட்டியலோடு உட்காருகிறோம். அதுவரை அவரிடம் யாரும் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.